ஒரே டின், மூன்று வெள்ளி: முன் பம்பருக்கு வீட்டிலேயே மெட்டாலிக் பெயின்ட்

பம்பர் காரில் ஏறிவிட்டது. உச்சி வெயிலில் நேரே நின்று பார்த்தாலும், சாய்ந்த வெளிச்சத்தில் பக்கவாட்டில் குனிந்து பார்த்தாலும், ஃபெண்டரும் பம்பரும் ஒரே வண்டியோடு பிறந்தவை என்றே தெரிகிறது. இதற்கு முந்தைய சுற்றில், அதே டின்னிலிருந்து எடுத்த அதே பெயின்ட் பம்பரின் இடது கோடியில் ஒரு வெள்ளியாகவும், வலது கோடியில் கொஞ்சம் கறுத்த வெள்ளியாகவும், சைடு மிரர் கவரில் சுண்ணாம்பு பூசிய வெள்ளியாகவும் இருந்தது. சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று சாதாரண நிறங்களை அடித்துப் பழகியவருக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். அலுமினியத் துகள் கலந்த மெட்டாலிக்கில் டின்னுக்குள் வருவது பாதி நிறம். மீதிப் பாதியை ஸ்ப்ரே கன் பிடிக்கிற கை போடுகிறது.

வேலை பெரியதில்லை. முன் பம்பரின் ஒரு மூலை உரசிப் பிளாஸ்டிக் தெரிந்தது, மிரர் கவர் இரண்டிலும் கிளியர் (நிறத்துக்கு மேல் பூசும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) உரிந்து வெளுத்திருந்தது. நிறம் வெளிர் சாம்பல் கலந்த வெள்ளி. அடிப்பதற்கே மிகவும் சிரமமான நிறம் இதுதான் என்று அனுபவமுள்ள பெயின்டர்கள் சொல்வார்கள். அடித்த பிறகு நானும் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் நிறக் குறியீடு. அது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். அதை மட்டும் நம்பிக் கலக்கச் சொல்லிவிடக் கூடாது. ஒரே குறியீட்டுக்குள் கொஞ்சம் மஞ்சளடித்தது, கொஞ்சம் நீலமடித்தது, துகள் பெரியது, துகள் சிறியது என்று பல வேறுபாடுகள் இருக்கும். வண்டியும் வெயிலில் நின்று நின்று நிறம் மாறியிருக்கும். எரிபொருள் மூடியின் வெளிக்கதவைக் கழற்றி, பாலிஷ் போட்டுத் துடைத்து, கலக்கும் இடத்துக்கு எடுத்துப்போனேன். இரண்டே திருகில் கழன்று வரும் பாகம், கையடக்கம், வண்டியின் உண்மையான நிறம். அதோடு ஒப்பிட்டு அவர்கள் வேறுபாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பம்பருக்கும் கவர்களுக்கும் அரை லிட்டர் பேஸ் கோட் (கிளியருக்கு அடியில் வரும் நிறப் பூச்சு) போதும். நான் ஒரு லிட்டராகவே கலந்து வாங்கினேன். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மொத்தச் செலவில் நிறத்தின் பங்கு சிறியதுதான். கிளியர், அதை இறுக வைக்கும் ஹார்டனர், பெயின்ட்டை இளக்கும் தின்னர், எமரித் தாள், டேப், மாஸ்க் என்று மற்றவை கூடித்தான் கணக்கைத் தூக்கிவிட்டன.

பம்பரை இறக்கியதும் சோப்புத் தண்ணீர். பிறகு கிரீஸ் நீக்கும் திரவம். எமரி போடுவது அதற்கும் பிறகுதான். இந்த வரிசை முக்கியம். மேலே மெழுகும் சிலிகானும் இருக்கும்போதே தேய்த்தால் அவை கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் வராது. துடைக்க இரண்டு துணி வேண்டும். ஒன்றில் திரவத்தை நனைத்துத் தடவி, அது உலர்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கை இடம் மாற்றி வைப்பதோடு சரி.

பம்பரின் உட்புறத்தில் அது எந்தப் பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருப்பார்கள். என்னுடையது பாலிபுரோபிலீனும் ரப்பரும் கலந்த வகை. பெரும்பாலான பம்பர்கள் இதுதான். இந்தப் பிளாஸ்டிக்கின் மேல் அடிப்பூச்சான ப்ரைமர் நேரடியாகப் பிடிக்காது. காய்ந்தபின் நகத்தால் நெம்பினால் தோலாக உரிந்து வரும். பிளாஸ்டிக் வெறுமையாகத் தெரியும் இடங்களில் மட்டும் ஒட்டுதல் கூட்டும் திரவத்தை மெல்லியதாக அடித்து, கேனில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் ப்ரைமர் போட வேண்டும். தடித்து அடித்தால் அதுவே ஒரு பலவீனமான அடுக்காகிவிடும். பழைய பெயின்ட் நன்றாகப் பிடித்திருக்கும் பகுதிக்கு இது தேவையே இல்லை.

உரசிய மூலையில் பிளாஸ்டிக்குக்கான பட்டி. சாதாரண உலோகப் பட்டி வளைந்து கொடுக்காது, பம்பர் ஒரு தட்டு வாங்கினால் வெடித்துவிடும். 180-ஆம் எண் தாளில் வடிவத்துக்குக் கொண்டுவந்து, 240, 320 என்று மென்மையான தாள்களுக்கு ஏறினேன். இந்தப் பிளாஸ்டிக்கை முரட்டுத் தாளால் வேகமாகத் தேய்த்தால் சூட்டில் நார் நாராக எழும்பும். மெதுவாக, கட்டையை அழுத்தாமல் தேய்த்தால் நார் குறையும். மிச்சத்தைக் கூரான பிளேடை ஏறத்தாழ நிமிர்த்திப் பிடித்து வழித்துவிடலாம்.

ப்ரைமர் இரண்டு கோட். உலர்ந்ததும் மேலே கறுப்புப் பொடியை லேசாகத் தூவித் தேய்த்தேன். பொடி போகாமல் நிற்கும் இடம் பள்ளம். வெறும் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த மூலையில் நகத்தளவு பள்ளம் ஒன்று இப்படித்தான் அகப்பட்டது. 400-ஆம் எண்ணில் சமப்படுத்தி, 800-ஆம் எண் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு முடித்தேன். மிரர் கவர்களைச் சின்னப் பொருள்தானே என்று 400-லேயே நிறுத்தியிருந்தேன். கறுப்பில் அது மறைந்திருக்கலாம். மெட்டாலிக்கில் அலுமினியத் துகள்கள் கீறலின் பள்ளத்தில் வரிசையாகப் போய்ப் படுத்துக்கொள்கின்றன. அடித்தபோது எதுவும் தெரியவில்லை. மறுநாள் தின்னர் முழுதாக வெளியேறி பெயின்ட் இறுகியதும் ஒவ்வொரு கீறலும் மெல்லிய கோடாக மேலே வந்து நின்றது.

இடம் ஷெட்தான். தரையை நனைத்தேன், சுவருக்குப் பிளாஸ்டிக் தாள் கட்டினேன், காற்றுப் போக வழிவிட்டுக் கதவைத் திறந்தே வைத்தேன். தின்னர் ஆவி தீப்பிடிக்கக்கூடியது என்பதால் மின்விசிறியை ஆவி போகும் பாதையில் வைக்கவில்லை, கம்ப்ரஸரும் வெளியேதான் நின்றது. டாஷ்போர்டு பாலிஷ் ஸ்ப்ரேயைப் பல நாள் முன்பே அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்தியிருந்தேன். அதிலுள்ள சிலிகான் ஒரு துளி காற்றில் வந்து விழுந்தாலும், பெயின்ட் அந்தப் புள்ளியைச் சுற்றி விலகி மீன் கண் போலக் குழி விழும்.

இனி கம்ப்ரஸர். இங்கேதான் கதை தொடங்குகிறது.

என்னிடம் இருப்பது 50 லிட்டர் தொட்டி கொண்ட சிறிய ஒன்று. பெயின்ட் பட்டறைகளில் பயன்படுத்தும், நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் தள்ளும் ஹெச்.வி.எல்.பி. கன்களுக்கு நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் காற்று வேண்டும். இது அதைத் தராது. அதனால் குறைந்த காற்றில் ஓடும் எல்.வி.எல்.பி. கன் வாங்கினேன், பெயின்ட் வெளிவரும் துளையான நாசில் 1.3 மி.மீ. காற்றிலுள்ள நீரைப் பிடிக்கும் ஈரப்பொறியைக் கன்னுக்கு அருகிலேயே மாட்டி, தொட்டியின் அடியிலுள்ள தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் தொடங்கினேன். அழுத்தத்தை டிரிகரை இழுத்துப் பிடித்தபடியே அளந்து வைக்க வேண்டும். விட்ட நிலையில் மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

பெயின்ட்டைக் கலக்கும்போது அலுமினியத் துகள் டின்னின் அடியில் களிமண்ணாகப் படிந்திருக்கும். தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிளற வேண்டும்; டின்னைக் குலுக்கினால் மட்டும் போதாது. என் டின்னில் தின்னர் சரிக்குச் சரி என்று போட்டிருந்தது. வெக்கையாக இருந்ததால் மெதுவாக உலரும் தின்னரைத் தேர்ந்தெடுத்தேன். சீக்கிரம் உலரும் தின்னரைச் சூட்டில் பயன்படுத்தினால் பெயின்ட் பாதி காய்ந்த தூசாகத்தான் பம்பரில் வந்து விழும். காகித வடிகட்டி வழியாகக் கோப்பையில் ஊற்றினேன். இடையில் சும்மா நிற்கும் நேரத்திலும் கன்னை அவ்வப்போது அசைத்துக்கொண்டே இருந்தேன். கோப்பைக்குள்ளும் துகள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

முதல் சுற்றில் பம்பரை இரண்டு ஸ்டாண்டுக்கு மேல் மல்லாத்திப் படுக்க வைத்து அடித்தேன். இடது கோடியில் தொடங்கி ஒரே இழுப்பில் வலது கோடி வரை. இருபது சென்டிமீட்டர் தூரம், ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூடும்படி. சாதாரண நிறத்துக்கு இது சரியான முறை. மேற்பரப்பு ஈரமாக மின்ன வேண்டும் என்ற பழக்கத்தில் கொஞ்சம் தாராளமாகவே அடித்தேன்.

காய்ந்ததும் நடுப்பகுதியில் மேகம் மேகமாகத் திட்டு. இடப்பக்கம் பளிச்சென்றும் வலப்பக்கம் மங்கியும் இருந்தது.

திட்டுக்குக் காரணம் ஈரம். ஒவ்வொரு துகளும் தட்டையான சின்னஞ்சிறு அலுமினியத் தகடு. பெயின்ட் ஈரமாக இருக்கும் வரை அவை நீந்துகின்றன, ஒன்றோடொன்று கூடுகின்றன, சரிந்து நிற்கின்றன. மெல்லிய கோட்டில், சீக்கிரம் உலரும்போது அவை மேலே தட்டையாகப் படுத்துவிடும். அப்போது நேரே பார்த்தால் வெளிச்சம் முழுதாகத் திரும்பி வந்து நிறம் வெளிர்ந்து தெரியும், பக்கவாட்டில் கறுக்கும். ஈரமாக அடித்தால் தகடுகள் ஆழத்தில் ஏறுக்குமாறாகக் கிடந்து, நேரே பார்க்கையில் கறுத்தும் பக்கவாட்டில் வெளிர்ந்தும் தெரியும். வண்டியோடு ஒப்பிடும்போது இரண்டு கோணத்திலும் பார்க்கச் சொல்வது இதனால்தான். நேரே ஒத்துப்போய்ப் பக்கவாட்டில் காலை வாரும் நிறங்கள் நிறைய உண்டு.

இடம் வலம் வேறுபாட்டுக்குக் காரணம் கம்ப்ரஸர். வலது கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் தொட்டி இறங்கி, அழுத்தம் குறைந்து, கன் பெயின்ட்டைப் பொடியாக உடைக்காமல் பெரிய துளிகளாகத் துப்பியிருக்கிறது. துளி பெரிதானால் ஈரம் கூடும், ஈரம் கூடினால் நிறம் கறுக்கும். ஒரே நிறமுள்ள பெயின்ட்டில் இது கொஞ்சம் சொரசொரப்பாக முடிந்துபோகும், பாலிஷில் போய்விடும். மெட்டாலிக்கில் கம்ப்ரஸரின் மூச்சிரைப்பு அப்படியே நிறமாகப் பதிந்துவிடுகிறது.

மெட்டாலிக் பேஸைத் தேய்த்தும் சரிசெய்ய முடியாது, பாலிஷ் போட்டும் சரிசெய்ய முடியாது. எமரி பட்டால் தகடுகள் கீறி அந்த இடம் கறுத்த தழும்பாகிவிடும். தூசி விழுந்தால்கூட அதை நீக்கிவிட்டு மேலே மறுபடி பேஸ் அடித்தாக வேண்டும். முழுதாக உலரவிட்டு, 800-இல் லேசாகச் சமப்படுத்தி, திரும்பவும் தொடங்கினேன்.

மிரர் கவர்களின் கதை தனி. அதே டின்னின் பெயின்ட்டை ஸ்ப்ரே கேனில் நிரப்பித் தருவார்கள் என்பதால் சின்னப் பாகங்களுக்கு அது வசதி என்று எண்ணினேன். கேனில் தூரத்தைத் தவிர நம் கட்டுப்பாட்டில் எதுவும் இல்லை. அழுத்தம் அதற்குள் இருப்பது, தின்னர் அளவு அவர்கள் வைத்தது. தொடர்ந்து அடித்தால் கேனே குளிர்ந்து அழுத்தம் இறங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தால் சீராகும். கொதிக்கும் தண்ணீர் பக்கம் போகவே கூடாது, 50 டிகிரிக்கு மேல் கேன் வெடிக்கக்கூடியது. இத்தனையும் பார்த்து அடித்தும் கவர்கள் பம்பரைவிட ஒரு படி வெளிர்ந்து, மணல் தூவியதுபோல் வந்தன. தள்ளி நின்று தூவியதால் காய்ந்து விழுந்திருக்கிறது. தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. கதவுக்குப் பக்கத்தில் பிடித்தால் வேறு வண்டியிலிருந்து கழற்றியவை மாதிரி இருந்தன.

அடுத்த சுற்றில் மாற்றியவற்றில் பெரிய பலன் தந்தது நிறுத்தி வைக்கும் விதம். பம்பரைக் காரில் எப்படி நிற்குமோ அப்படியே, அதே உயரத்தில், கம்பிச் சட்டத்தில் நிமிர்த்தி மாட்டினேன். மிரர் கவர்களையும் உள்பக்கம் கம்பி கட்டி அதே சட்டத்தில், அதே திசையில் தொங்கவிட்டேன். படுத்த பாகத்தில் துகள் படியும் விதமும் நிமிர்ந்த பாகத்தில் படியும் விதமும் ஒன்றில்லை. அதோடு எல்லாம் ஒரே கோப்பை, ஒரே கன், ஒரே நேரம்.

இரண்டாவது, கன்னின் அழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ. பக்கம் இறக்கினேன். கம்ப்ரஸர் மோட்டார் தானாக நின்ற பிறகுதான் ஒவ்வொரு இழுப்பையும் தொடங்கினேன். பம்பரின் நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் அந்த இணைப்பு தெரியும், ஆகவே முழு நீளத்துக்கும் தொட்டி தாங்க வேண்டும். கோட்டுக்கு நடுவே காத்திருப்பது சலிப்பான வேலைதான். ஆனால் பேஸ் கோட்டுக்கு அந்த இடைவெளி எப்படியும் தேவை, பளபளப்பு மங்கி மேட்டாக வரும் வரை அடுத்ததை அடிக்கக் கூடாது.

மூன்றாவது, ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் முக்கால் பங்கை மூடும்படி அடித்தேன். பாதி மட்டும் மூடினால் வெள்ளி நிறத்தில் வரிக்குதிரைக் கோடு விழும். மெல்லிய கோட்டாக அடித்து, ப்ரைமர் தெரியாமல் மூடியதும் நிறுத்திவிட்டேன்.

பிறகு தூறல் கோட். தூரத்தை முப்பது சென்டிமீட்டராகக் கூட்டி, அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைத்து, பம்பரின் மேல் ஒருமுறை கிடைமட்டமாகவும் ஒருமுறை மேலும் கீழுமாகவும் பனி விழுவதுபோல் ஓட்ட வேண்டும். இது நிறத்தை மூடுவதற்கான கோட் இல்லை, மேல் துகள்களை ஒரே மாதிரி படுக்க வைப்பதற்கானது. எங்காவது லேசாக இருந்த மேகமும் இதில் கலைந்துபோனது. இதை அதிகம் அடித்தால் மேலே காய்ந்த துகள் சேர்ந்து, மிரர் கவர் முதல் தடவை போன வழியில் பம்பரும் போய்விடும்.

இவ்வளவையும் பம்பரில் செய்வதற்கு முன் சோதனை அட்டையில் செய்தேன். உலோக நிறத்துக்கு நிகரான சாம்பல் ப்ரைமர் அடித்த அட்டைகள். பின்புறத்தில் தின்னர் அளவு, அழுத்தம், தூரம், எத்தனை கோட், தூறல் கோட் உண்டா இல்லையா என்று எழுதி வைத்தேன். பாதி அட்டைக்குக் கிளியர் அடித்தேன். கிளியர் இல்லாத பேஸ் வெளிர்ந்த மேட்டாகத் தெரியும், கிளியர் விழுந்ததும் ஆழம் கூடிக் கொஞ்சம் கறுக்கும். கிளியர் இல்லாத அட்டையை வண்டியோடு வைத்துப் பார்ப்பது வீண். ஷெட் விளக்கில் பொருந்திய ஓர் அட்டை வெளியே வெயிலில் பொருந்தவில்லை, ஆகவே தீர்ப்பு வெயிலில்தான்.

கிளியருக்கு வருவதற்கு முன் மூச்சைப் பற்றி. ஹார்டனர் கலக்கும் 2கே (இரண்டு பொருள் சேர்ந்து இறுகும்) கிளியரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. நுரையீரலைப் பதம் பார்த்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது, ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு சிறிதளவே போதும். ஆபத்தான அளவை எட்டினாலும் மூக்குக்குத் தெரிவதில்லை, அதனால் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் தேய்ந்துவிட்டதா என்று முகர்ந்து தெரிந்துகொள்ள வழியில்லை. துணி மாஸ்க் பேச்சுக்கே இடமில்லை. தூரத்திலுள்ள சுத்தமான காற்றைக் குழாய் வழியே முகமூடிக்குள் அனுப்பும் கருவியைப் பெயின்ட் வேலை செய்யும் தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். 2கே ப்ரைமருக்கும் அதுவே. கையுறை, உடலை மூடும் உடை, கண்ணாடி எல்லாம் உண்டு. அந்தக் கருவி கிடைக்காவிட்டால் கிளியரை மட்டும் பெயின்ட் பூத் உள்ளவரிடம் கொடுத்துவிடுவதே சரி.

கிளியர் இரண்டு பங்குக்கு ஹார்டனர் ஒன்று, அளவுக் கோப்பையில் கோடு பார்த்து ஊற்றினேன். கண் மதிப்பு இங்கே வேலைக்காகாது, ஹார்டனர் குறைந்தால் கிளியர் மாதக்கணக்கில் மெத்தென்றே இருக்கும். முதல் கோட் நடுத்தரம், கால் மணி நேரம் விட்டு இரண்டாவது முழு ஈரம். பேஸில் அடக்கி வைத்த கையை இதில் அவிழ்த்துவிடலாம். பம்பரின் கீழ் உதட்டில் அவிழ்த்தது கொஞ்சம் அதிகமாகி ஓரிடம் வழிந்தது. ஒரு சின்னப் பூச்சியும் வந்து ஒட்டிக்கொண்டது. ஈரத்தில் இரண்டையும் தொடவில்லை. இறுகிய பிறகு கட்டையில் சுற்றிய 1500-ஆம் எண் தாளால் மேட்டை மட்டும் சீவி, 2000, 3000 என்று ஏறி, காம்பவுண்ட் போட்டதும் போய்விட்டது. ஓரங்களில் கிளியர் மெலிந்திருக்கும், அங்கே எமரி ஓட்டாமல் டேப் ஒட்டிக் காத்தேன்.

அடுத்த தடவை மாற்றுவேன் என்றால், கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் காலித் தொட்டி ஒன்றைச் சேர்த்து இணைப்பேன். அதனால் மோட்டாரின் திறன் அதிகமாகிவிடாது, ஆனால் ஒரு நீண்ட இழுப்புக்குத் தேவையான காற்றுச் சேமிப்பு கூடும், எனக்குக் குறைந்தது அதுதான். ஹோஸும் அகலமானதாக மாறும், இப்போதுள்ள மெல்லிய சுருள் ஹோஸிலேயே கொஞ்சம் அழுத்தம் போய்விடுகிறது. மிரர் கவர்களைப் பம்பருக்கு முன்னாலேயே 800 வரை தேய்த்து முடித்து வைப்பேன். பம்பரை வாகனத்திலேயே வைத்து ஃபெண்டர் மீது நிறத்தைப் படிப்படியாக மெலிதாக அடித்துக் கலக்கவிடும் முறையும் உண்டு, பட்டறைகளில் மெட்டாலிக்குக்கு அப்படித்தான் செய்வார்கள். பம்பருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இடைவெளியும் வளைவும் இருப்பதால் எனக்கு அது தேவைப்படவில்லை. கதவு மாதிரி ஒட்டி நிற்கும் தட்டைப் பாகமென்றால் தப்ப முடியாது.

மிச்சமான பேஸை இறுக மூடித் தலைகீழாக வைத்திருக்கிறேன், மேலே தேதியும் குறியீடும் எழுதி. வாக்ஸ் இன்னும் போடவில்லை, புது கிளியர் முழுதாக ஆவி விட்டு இறுக ஒரு மாதமாவது ஆகும். கதவுக் கைப்பிடிகள் நான்கும் பாக்கி. அவற்றுக்கான அட்டை ஏற்கெனவே இருக்கிறது. கன்னும் அதே நாசிலோடு நிற்கிறது. பாதி தீர்ந்த ஸ்ப்ரே கேனைச் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள கிளிப்புகளுக்கு அடித்துத் தீர்த்துவிடலாம்.